கேபின் க்ரூ நேர்காணலில் பேஸ் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி:
வணக்கம். ஒரு விமான நிறுவனத்தின் கேபின் க்ரூ வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. எந்தெந்த ஊர்களை பேஸாக, அதாவது பணிக்குப் புறப்பட்டுத் திரும்பும் ஊராக, விரும்புகிறேன் என்று விண்ணப்பத்திலேயே வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். என் பெற்றோர் வசிக்கும் ஊரில் இருப்பது சிறிய பேஸ். அங்கே எப்போதாவதுதான் ஆள் எடுக்கிறார்கள். பெரிய பேஸ் ஒன்றில் இடங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் அது வெகு தொலைவு. நேர்காணலில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாமா, அல்லது எங்கே போட்டாலும் போகிறேன் என்று சொல்வதுதான் நல்லதா? பேஸை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
முதலில் உங்கள் நிறுவனம் எந்த வகை என்று பாருங்கள். எமிரேட்ஸ் க்ரூவுக்குத் துபாய், கத்தார் ஏர்வேஸ் க்ரூவுக்கு தோஹா என்று ஒரே பேஸ்தான். தங்குமிடத்தையும் நிறுவனமே தந்துவிடும் என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. யுனைடெட் போன்ற நிறுவனங்களுக்கு சிகாகோ, டென்வர், ஹூஸ்டன் எனப் பல பேஸ்கள் உண்டு. அங்கே இடமாற்றம், ரோஸ்டர் (பணி அட்டவணை), விடுப்பு எல்லாமே சீனியாரிட்டிப்படிதான், அதாவது பணியில் சேர்ந்த வரிசைப்படிதான் நடக்கும்.

பல பேஸ்கள் உள்ள நிறுவனம் என்றால், ஊரின் அழகையோ லேஓவர் (பயணங்களுக்கு இடையே தங்கல்) கிடைக்கும் நகரங்களையோ பார்க்காமல், ஸ்டாண்ட்பை நாட்களை (அழைத்தால் உடனே வரத் தயாராகக் காத்திருக்கும் நாட்களை) வைத்து முடிவெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. புதிதாகச் சேர்பவருக்குத்தான் ஸ்டாண்ட்பை அதிகம் விழும். அன்று தொலைபேசி மணி அடித்தால், நிறுவனம் சொன்ன நேரத்துக்குள் சீருடையோடு விமான நிலையத்தில் நின்றாக வேண்டும். வேறு ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு, ஊழியர் டிக்கெட்டில் பேஸுக்கு வந்து போகலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த டிக்கெட்டில் காலி இருக்கை இருந்தால்தான் ஏற முடியும். பண்டிகைக் காலத்தில் அடுத்தடுத்து விமானங்கள் நிரம்பிப் போக, கண்ணெதிரே கதவை மூடிவிட்டால், மறுநாள் காலை டியூட்டிக்கு நீங்கள் வர முடியாது. அது உங்கள் பதிவேட்டில் ஏறும். அதனால் முந்தைய நாளே வந்து, பேஸ் அருகே நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் அறையில் தங்குகிறார்கள். இப்படி ஓய்வு நாளில் ஒன்று வழியிலேயே கரைகிறது, வாடகையும் இரண்டு இடத்தில் ஆகிறது.

சிறிய பேஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே இடம் பிடித்தவர்கள் எளிதில் நகர மாட்டார்கள் என்பதால், உங்களுக்கு மேலே இருப்பவர்கள் குறையவே மாட்டார்கள், நீங்களும் நீண்ட காலம் ஸ்டாண்ட்பையிலேயே இருக்க நேரும். புதியவர்கள் தொடர்ந்து வந்து சேரும் பெரிய பேஸில் சீனியாரிட்டியில் உங்கள் வரிசை எண் விரைவாக மேலே போகும்.

சம்பள முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில், விமானக் கதவு மூடிய பிறகே சம்பள நேரம் ஓடத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் ஊதியம் தரும் முறையை டெல்டா 2022-இல்தான் கொண்டுவந்தது. கதவு மூடிய பிறகே சம்பளம் என்ற முறையில், ஒரே நாளில் நான்கு குறுந்தொலைவு விமானங்களில் ஏறி இறங்குபவர், ஒரே நீண்ட பயணம் போகிறவரைவிட அதிக நேரம் உழைத்தும் குறைவாகச் சம்பாதிக்கக்கூடும்.

பதில் 2:
புதியவர்களுக்குப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் நேர்காணல் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கே போட்டாலும் போகிறேன் என்ற பதில் தேர்வாளர்களுக்குப் புதிதல்ல. ஏன் என்று அடுத்த கேள்வி வந்ததுமே பலர் தடுமாறிவிடுகிறார்கள். “என் முதல் விருப்பம் இந்த ஊர், காரணம் இது, இப்போது அங்கே இடமில்லையென்றால் அந்தப் பெரிய பேஸுக்கு வரவும், அங்கேயே வீடு பார்த்துத் தங்கவும் தயாராக இருக்கிறேன்” என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால்.

இதைவிட, தேர்வின்போது நடக்கும் குழுப் பயிற்சிக்கு அதிகமாகத் தயாராகுங்கள். ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். விடை சரியா என்பதைவிட, மெல்லிய குரலில் பேசத் தொடங்கிய ஒருவரை மற்றவர்கள் மறித்தபோது, “அவர் ஏதோ சொல்ல வந்தார், கேட்போமே” என்று யார் சொன்னார்கள் என்பதைத்தான் தேர்வாளர் குறித்துக்கொள்கிறார். புகை சூழ்ந்த கேபினில் உடன் வேலை செய்பவர் சொல்வதைக் கேட்கத் தெரியாதவரை எங்களால் நம்ப முடியாது.

உணவு பரிமாறுவதற்காக இந்த வேலையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்க விதிப்படி 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாளர் இருக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானம் சான்று பெற, பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளுக்குள் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டியாக வேண்டும். எமிரேட்ஸ் போன்றவை நுனிக்காலில் நின்று 212 செ.மீ. உயரத்தை எட்டச் சொல்வதும், மேலே வைத்திருக்கும் அவசரக்காலக் கருவிகளுக்குக் கை எட்ட வேண்டும் என்பதற்காகத்தான். ஏன் இந்த வேலை என்று கேட்டால், ஊர் சுற்றப் பிடிக்கும் என்று தொடங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பெரிய பேஸில் சேர்ந்த பிறகு, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்பது பற்றி நேர்காணலிலேயே விசாரிக்கலாமா?

பதில் 2:
தாராளமாகக் கேட்கலாம். “தகுதிகாண் காலத்தில் மாற்றலுக்கு விண்ணப்பிக்க முடியுமா, முன்னுரிமை எந்த அடிப்படையில்?” என்று, கடைசியில் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லும்போது கேளுங்கள். பணி ஆணையில் கையெழுத்திடும் முன், பயிற்சிச் செலவுக்கான ஒப்பந்தம் ஏதும் இருந்தால் அதையும் வரி விடாமல் படித்துவிடுங்கள்.