அம்மாவோட விக்டோரியா அருவி: போய் வந்தவங்க சொல்லுங்களேன்

வணக்கம். நாங்க சேலம் அஸ்தம்பட்டி. அம்மாவுக்கு 63 வயசு, அருவின்னா உயிர். போன ஐப்பசியில ஏற்காடு கிளியூர் அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். பாதிப் படியிலேயே முட்டி பிடிச்சுக்கிச்சு. அங்கயே உட்கார்ந்து, ஆரஞ்சை உரிச்சுத் தின்னுக்கிட்டே தண்ணிச் சத்தத்தை மட்டும் கேட்டுட்டுத் திரும்பிட்டாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அதான் ஆப்பிரிக்காவுல இருக்குற விக்டோரியா அருவிக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு யோசிக்கிறேன்.

ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில ஜாம்பேசி ஆறு 1,700 மீட்டர் அகலத்துக்கு, 108 மீட்டர் ஆழத்துல விழுது. 'இடிமுழங்கும் புகை'ன்னு அந்த ஊர்க்காரங்க வச்ச பேரு. எதிர்க்கரையில நின்னே பார்க்கலாம், கீழ இறங்க வேண்டாம்; அதுதான் எனக்குப் பிடிச்சுது. (ட்ராவல்ஸ்காரர் ஒருத்தர் சுவிட்சர்லாந்தையே எங்க தலையில கட்டப் பார்க்குறாரு!)

ஏப்ரல் வாக்குல தண்ணி உச்சமாம், ஆனா சாரலே அருவியை மறைச்சிடுமாம். அக்டோபர், நவம்பர்ல ஜாம்பியா பக்கம் பாறைதான் மிச்சம். அப்போ ஜூலை சரியா வருமா? ஜிம்பாப்வே பக்கப் பாதையில வீல்சேர் முழுசாப் போகுமா? பெங்களூர்ல ஏறினா எங்க மாறுறது முட்டிவலிக்காரங்களுக்குச் சுலபம்? மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டீங்களா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? அம்மா இப்பவே புளிக்காய்ச்சல் கிண்டுற யோசனையில இருக்காங்க.