பானை சூளையில் வேகும்போது அணு அணுவாக உடைகிறதா? வைசேஷிகம், கஸாலி பற்றி ஒரு சந்தேகம்

புரசை_மாணவன்:
வெயில் தொடங்கிவிட்டதே என்று போன வாரம் கொசப்பேட்டையில் ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினோம். அதே வாரம் வகுப்பில் வைசேஷிகம், பொருள்கள் அணுக்களால் ஆனவை என்னும் பழைய இந்தியத் தத்துவம். பச்சைப் பானை சூளையில் சிவக்கிறது இல்லையா, அப்போது தீ அதைத் தனித்தனி அணுக்களாகப் பிரித்துவிடுகிறது, அணுக்கள் நிறம் மாறியபின் திரும்பச் சேர்ந்து புதுப் பானை ஆகிறது என்கிறார்கள். பீலுபாகம் என்று பெயர். எதற்காக இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? இன்னொன்று, பஞ்சை எரிப்பது நெருப்பு இல்லை என்று இஸ்லாமிய இறையியலாளர் கஸாலி சொல்கிறாராமே, இரண்டும் ஒரே விஷயமா?

கன்னிமாரா_வாசகர்:
இல்லை தம்பி, கிட்டத்தட்ட எதிரெதிர். துணி சிவப்பாக இருந்தால் அதற்குக் காரணம் நூலின் சிவப்பு, முழுப்பொருளின் நிறம் உறுப்புகளிலிருந்துதான் வரும் என்பது வைசேஷிகர் பிடிவாதம். அப்படியே இறங்கிப் போனால் அணுவில் வந்து நிற்கும். பானை சிவக்க அணு சிவக்க வேண்டும், அணுக்கள் இறுக ஒட்டிக் கிடந்தால் தீ ஒவ்வொன்றையும் தொட முடியாது, ஆக பிணைப்பு விட்டே தீர வேண்டும். வைசேஷிக ஆசிரியர் பிரசஸ்தபாதர் சொன்ன இதற்கு 10ஆம் நூற்றாண்டில் உதயணர் கிரணாவளியில் உரை எழுதினார். திரும்பச் சேர்ப்பதில் அந்தப் பானையைப் பயன்படுத்தப் போகிறவர்களின் அத்ருஷ்டத்துக்கும் பங்கு உண்டு. காணப்படாதது என்று பொருள், நம் 'அதிர்ஷ்டம்' அதே சொல்தான்.

இங்கே தீ உண்மையாகவே வேலை செய்கிறது. கஸாலி (1058–1111) அதைத்தான் மறுக்கிறார். தத்துவவாதிகளை மறுத்து அவர் எழுதிய 'தஹாஃபுத்' நூலின் 17ஆம் விவாதத்தில், பஞ்சு நெருப்பைத் தொடும்போது எரிவதைத்தான் பார்க்கிறோம், நெருப்பு எரிப்பதை யாரும் பார்த்ததில்லை, உயிரற்ற நெருப்புக்குச் செயல் கிடையாது, எரிப்பவன் இறைவன் என்கிறார். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு, ஆனால் கோர்தோபாவின் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) கொடுத்த பதில்தான் சரி என்று படுகிறது: காரணத்தை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும்.

சூளைவீட்டுப்_பெண்:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து மண் வேலைதான், அதனால் பானை பற்றி மட்டும் சொல்கிறேன். சூளையில் பானைமேல் பானையாக அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசி மூடுவோம். புகை விடும் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே எல்லாம் தணலாகச் சிவந்து, அடுக்கு கொஞ்சமும் குலையாமல் நிற்கும். அடிப்பானை ஒரு கணம் உடைந்தாலும் மேலே இருப்பது விழாதா? அப்பா விளிம்பில் கட்டைவிரல் அழுத்திய தடம்கூட வெந்தபின் அப்படியே இருக்கும்.

கன்னிமாரா_வாசகர்:
நையாயிகர், அதாவது நியாயம் என்னும் தத்துவப் பள்ளியினர், சொல்லும் வாதமே இதுதான் அம்மா! பிடரபாகம் என்பார்கள், பானை பானையாகவே வேகிறது. தீ எப்படி உள்ளே போகும் என்று கேட்டால், மண்ணில் நுண்துளைகள் இருக்கின்றன, பானையில் ஊற்றிய தண்ணீர் வெளியே கசிகிறதே என்பது அவர்கள் பதில். தம்பி, உங்கள் வீட்டுப் பானையின் வெளிப்புறத்தைத் தடவிப் பாருங்கள், அந்த ஈரம்தான் சாட்சி. வைசேஷிகரோ, எல்லாம் கணத்துக்குள் நடப்பதால் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்பார்கள்.

மயிலை_சித்தாந்தி:
நம் ஊர் வாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவ சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு முறையே மாயை, சத்தி, சிவன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அருணந்தி சிவாசாரியாரும் இதைத்தான் நிறுவுகிறார்கள். வைசேஷிகத்தில் குடம் இல்லாததிலிருந்து புதிதாகத் தோன்றும், சித்தாந்தத்தில் அது மண்ணுக்குள் ஏற்கெனவே சூக்குமமாக இருக்கிறது. இதற்குத்தான் சற்காரியவாதம் என்று பெயர்.

சூளைவீட்டுப்_பெண்:
சரி, அப்படியானால் ஒன்று கேட்கிறேன். அதே மண்ணைப் புகையை வெளியே விடாமல் அடைத்து வேகவைத்தால் பானை கருப்பாக வரும், காற்று விட்டால் சிவப்பு. இரண்டு நிறமும் மண்ணுக்குள் இருந்ததா?

மயிலை_சித்தாந்தி:
நல்ல கேள்வி. இரண்டும் இருந்தது, எது வெளிப்படும் என்பதைத் துணைக்காரணமான தீயும் புகையும் தீர்க்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் கருப்பு புகையிலிருந்து வந்து மண்ணில் படிந்தது என்று நையாயிகர் சொன்னால், அதற்கு நான் இன்னும் யோசிக்க வேண்டும்.