ஜெரண்டா, பார்ட்டிசிபிளா: உங்களை மாட்டிவிட்ட அந்த ஒரு ‘இங்’ எது?

தேனிக்காரி

ஆங்கிலத்தில் ‘இங்’ முடிவுச் சொல் ஒரு செயலுக்குப் பெயராக நின்றால் ஜெரண்டு, பெயரை விவரித்தாலோ ‘ஈஸ் சிங்கிங்’ போல வினையோடு சேர்ந்தாலோ பார்ட்டிசிபிள். இங்கே எல்லோருக்கும் இது தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகள் ஏழாம் வகுப்பு. கோடிட்ட சொல் ஜெரண்டா பார்ட்டிசிபிளா என்று கேள்வி. ‘ஸ்லீப்பிங் டாக்’குக்குப் பார்ட்டிசிபிள் என்று எழுதியிருந்தாள், டிக். அதற்கு அடுத்த வரி ‘ஸ்லீப்பிங் பேக்’, அதற்கு ஜெரண்டு என்று எழுதியிருந்தாள், சிவப்பு மையில் பெரிய இன்ட்டு. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கேட்டேன். மிஸ் கைடைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நவுனுக்கு முன்னாடி வந்தா அட்ஜெக்டிவ் வேலை, அட்ஜெக்டிவ் வேலைன்னா பார்ட்டிசிபிள்” என்றார். பக்கத்தில் நின்ற என் மகள், “அப்போ அந்தப் பை தூங்குதா மிஸ்?” என்று கேட்டுவிட்டாள். துடுக்காக இல்லை, நிஜமாகவே சந்தேகம் அவளுக்கு. மிஸ் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்து, “அடுத்த பேரன்ட்டை வரச் சொல்லுங்க” என்றார். போன ஒரு மார்க்கை விடுங்கள், அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசி_பெஞ்ச்

உங்கள் மகளைப் போலவே ஒருத்தி எங்கள் கோச்சிங் சென்டரிலும் இருந்தாள். சாரின் ஷார்ட்கட்: ‘ஈஸ், வாஸ், ஆர், வேர்’ இதில் ஏதாவது முன்னால் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்ட்டிசிபிள் போடு. போர்டில் ‘மை ஹாபி ஈஸ் கலெக்டிங் ஸ்டாம்ப்ஸ்’ எழுதி, ‘ஈஸ்’ஸை வட்டம் போட்டு, பார்ட்டிசிபிள் என்று அம்பு போட்டார். பின்னாலிருந்து இவள் எழுந்து, “அப்படின்னா என் பொழுதுபோக்கு உட்கார்ந்து தபால்தலை சேகரிச்சுக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தமா சார்?” என்றாள். கிளாஸே சிரித்து அடங்க ரொம்ப நேரம் ஆனது. சார் மட்டும் சிரிக்கவில்லை. “ஆன்சர் கீல என்ன இருக்கோ அதுதான் மார்க்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் போதும், இதற்கு ஷார்ட்கட்டே தேவையில்லை. ‘கலெக்டிங் ஸ்டாம்ப்ஸ் ஈஸ் மை ஹாபி’ என்று மாற்றினால் நிற்கும், அது ஜெரண்டு. ‘மை சிஸ்டர் ஈஸ் சிங்கிங்’கைத் திருப்பினால் ‘சிங்கிங் ஈஸ் மை சிஸ்டர்’, அக்கா அடிக்க வருவாள்.

நைட்ஷிப்ட்

திருப்பிப் போடுவது எல்லா இடத்திலும் உதவாது தம்பி, ஸ்லீப்பிங் பேக்கை எப்படித் திருப்புவாய்? காதை வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தபோது ஆக்சென்ட் ட்ரெய்னர் எங்களை ‘டான்சிங் டீச்சர்’ என்று சொல்லச் சொன்னார். நம் ஊர் வழக்கப்படி எல்லோரும் ஒரே மட்டமாகச் சொன்னோம். மேஜையில் பேனாவால் தட்டி, முதல் சொல்லில் அழுத்தினால் அவர் நடனம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், இரண்டாவதில் அழுத்தினால் டீச்சர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்றார். பக்கத்து சீட்காரன் உடனே இரண்டாவதில் அழுத்தி அவரையே பார்த்துச் சொன்னான். ட்ரெய்னர் ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே காட்டிவிட்டார். அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை. ஸ்விம்மிங் பூல், டிரிங்கிங் வாட்டர், வாக்கிங் ஸ்டிக் எல்லாம் முதல் சொல்லில் அழுத்தம், ஜெரண்டு. ரன்னிங் வாட்டர், ஸ்லீப்பிங் சைல்ட் எல்லாம் இரண்டாவதில், பார்ட்டிசிபிள். பேப்பரில் காது கிடையாது என்பது வேறு விஷயம்.

கடைசி_பெஞ்ச்

‘ஹம்மிங்பேர்ட்’? முதலில்தான் அழுத்தம், ஆனால் ரீங்காரம் போடுவது அந்தப் பறவைதானே. உங்கள் காது விதி அங்கே காலி.

நைட்ஷிப்ட்

அது ஒரே சொல்லாகவே ஒட்டிப் போனது, அதைக் கணக்கில் சேர்க்காதே.

வாத்தியார்_ஓய்வு

நண்பர்கள் மன்னிக்க வேண்டும், நான் தமிழாசிரியர், ஆங்கிலத்தில் கரை கண்டவன் அல்லன். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் வினையெச்சம் பெயரெச்சம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன், “ஐயா, இங்கிலீஷ்ல இது எல்லாத்துக்கும் ஒரே இங்தானே, அவங்களுக்குக் குழப்பம் வராதா?” என்று கேட்டான். குழப்பம் நமக்குத்தான் வருகிறது. காரணத்தை அன்று அவனுக்குச் சொல்ல மணி அடித்துவிட்டது, இங்கே சொல்லிவிடுகிறேன்.

‘தூங்கும் குழந்தை’ என்கிறோம், ‘தூங்கும் அறை’ என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டும் பெயரெச்சமே. நம் பெயரெச்சம் செய்பவனை மட்டும் அல்ல, கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் எல்லாவற்றையும் கொண்டு முடியும். ‘அறுபொருட் பெயரும்’ என்று நன்னூல் ஆறையும் ஒரே கூடைக்குள் போட்டுவிட்டது. எழுதும் மாணவன், எழுதும் பேனா, எழுதும் மேசை, எழுதும் கடிதம், எதிலும் நமக்கு உறுத்தல் இல்லை. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் நிற்கும் பார்ட்டிசிபிளுக்கு அந்தத் தாராளம் இல்லை, அந்தப் பெயர் அந்தத் தொழிலைச் செய்ய வேண்டும். கருவிக்கும் நிலத்துக்கும் அது தொழிற்பெயரை, அதாவது ஜெரண்டைக் கொண்டுவந்து முன்னால் ஒட்டுகிறது. ரைட்டிங் டேபிள் என்றால் எழுதுதலுக்கான மேசை. ஆகவே தமிழில் யோசித்துப் பெயரெச்சமாக வருகிறதே என்று பார்ட்டிசிபிள் போட்டால் பாதி நேரம் தவறும். அந்த ஆசிரியை அட்ஜெக்டிவ் என்று சொன்னதும் இதே வழியில் வந்த முடிவாக இருக்கலாம், அவரைக் கோபித்துப் பயனில்லை.

மாணவர்களுக்கு என் யோசனை: பெயரைப் பார்த்து “நீயா செய்கிறாய்?” என்று கேளுங்கள். நாய் ஆமாம் என்னும், பை இல்லை என்னும். வாக்கியம் நீளமாக இருந்தால் ‘-தல்’, ‘-வது’ போட்டுப் படியுங்கள். ‘ஐ என்ஜாய் ரீடிங்’, படிப்பது பிடிக்கும், பொருந்துகிறது. ‘ஐ சா ஹிம் கிராசிங் த ரோடு’, அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன், இதுவும் பொருந்துகிறது, ஆனால் இது பார்ட்டிசிபிள். ஆகவே ‘-வது’ மட்டும் போதாது, ‘கடந்துகொண்டிருந்த அவனை’ என்றும் சொல்லிப் பார்க்க வேண்டும். தினம் காலையில் செய்தித்தாளில் ஒரு பத்தி எடுத்து...

நைட்ஷிப்ட்

ஐயா, செய்தித்தாள் வரைக்கும் போய்விட்டீர்கள், அந்தப் பையனுக்கு மறுநாளாவது பதில் சொன்னீர்களா இல்லையா?

வாத்தியார்_ஓய்வு

மறுநாள் ஆண்டு விழா ஒத்திகை.

ஸ்கார்பரோ_பனி

இங்கே கனடாவில் வேலைக்குச் சேர்ந்த புதுசில், வாடிக்கையாளர் ஒருவருக்கு நன்றி சொல்லி ‘ஐ அப்ரிஷியேட் யூ டேக்கிங் த டைம்’ என்று மெயில் போட்டேன். ஓய்வுக்குக் கிட்ட இருந்த மேலாளர் அதைப் பிரிண்ட் எடுத்து, ‘யூ’வை வெட்டி ‘யுவர்’ என்று பேனாவால் எழுதி, ஒரு சொல்லும் பேசாமல் என்ர மேசையில் வைச்சிட்டுப் போனார். ஜெரண்டு என்றால் முன்னால் உடைமைச் சொல்தான் வர வேணும் என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த மாஸ்டரும் அப்பிடித்தான் சொன்னவர், அதனால் எனக்கு வெக்கமாப் போச்சு. பிறகு பார்த்தால் அந்த மனுசனே மீட்டிங்கில ‘தாங்ஸ் ஃபார் எவ்ரிபடி கமிங்’ என்றுதான் பேசுறார், ‘எவ்ரிபடீஸ்’ என்று ஒரு நாளும் வாயில் வரேல்ல. இந்தச் சண்டை பழசு. 1906இலேயே ஆங்கில நடை பற்றிப் புத்தகம் எழுதின ஃபௌலர் சகோதரர்கள் உடைமைச் சொல் இல்லாத வடிவத்துக்கு ‘ஃப்யூஸ்ட் பார்ட்டிசிபிள்’, அதாவது ஒட்டிப்போன பார்ட்டிசிபிள் என்று பேர் வைச்சுத் திட்டியிருக்கினம். டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் வந்து, பெரிய எழுத்தாளர்கள் எல்லாரும் காலங்காலமாக அப்பிடித்தான் எழுதுகினம் என்று திருப்பி அடிச்சவர். பதினஞ்சு நிமிச மெயிலுக்கு நூறு வருசச் சண்டை.

மெரினா_மொழியியல்

எம்.ஏ. வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ‘ஃப்ளையிங் பிளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்’ என்று கேட்டார். சாம்ஸ்கி பயன்படுத்திய வாக்கியம், மொழியியல் படித்த யாருக்கும் இது மனப்பாடம். விமானம் ஓட்டுவது ஆபத்து என்றால் ஜெரண்டு, பறக்கிற விமானங்கள் ஆபத்து என்றால் பார்ட்டிசிபிள், ‘கேன்’ இருப்பதால்தான் தெரியவில்லை, ‘ஈஸ்’ போட்டால் முதலாவது ‘ஆர்’ போட்டால் இரண்டாவது என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, எதுக்காக ரெண்டு பேர் வைக்கணும்?” என்றார். வாயே திறக்க முடியவில்லை. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இரண்டையும் சேர்த்து ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று ஒரே வடிவமாக்கிவிட்டார்கள், அதைத்தான் எதிர்பார்த்தார் போல. ஆனால் அவர்களும் ‘ஸ்லீப்பிங் பேக்’கையும் ‘ஸ்லீப்பிங் டாக்’கையும் ஒன்று என்று சொல்லவில்லை. வினையின் வடிவத்துக்கு இரண்டு பேர் வேண்டாம் என்பதுதான் வாதம்.

பழைய இங்கிலீஷில் இரண்டும் தனித்தனி. பெயருக்கு ‘-உங்’, ‘-இங்’, பார்ட்டிசிபிளுக்கு ‘-எண்டெ’. பிற்பாடு இரண்டும் ஒரே ‘இங்’ ஆகிவிட்டன.

தேனிக்காரி

அப்படியென்றால் மிஸ் சொன்னது சரியா தப்பா? நேராகச் சொல்லுங்கள், அரையாண்டு வருகிறது.

மெரினா_மொழியியல்

தப்பு. பள்ளிக்கூட இலக்கணப்படியே தப்பு. தூங்குவதற்கான பை, ஜெரண்டு.

கடைசி_பெஞ்ச்

‘ஷீ வென்ட் ஷாப்பிங்’ என்ன அப்போ? போனவள் அவள்தான், செய்பவளும் அவள்தான், வாத்தியார் ஐயாவின் கேள்விப்படி பார்ட்டிசிபிள்.

மெரினா_மொழியியல்

‘எ-ஃபிஷிங்’, ‘எ-ஹண்டிங்’ என்று பழைய பாட்டுகளில் வரும். அந்த ‘எ’ தேய்ந்துபோன ‘ஆன்’. ‘வென்ட் ஷாப்பிங்’கும் அதே வகை, ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வந்தது, வரலாற்றுப்படி ஜெரண்டு. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் சண்டை இருக்கிறது.

நைட்ஷிப்ட்

எந்தச் சொல்லில் அழுத்துகிறோம் என்று பார்த்தால்...

கடைசி_பெஞ்ச்

அண்ணே, வேண்டாம்.