பிலிப்பைன்ஸ் கலையை வைத்துக் கோடு, டோன், வெளி சொல்லிக்கொடுப்பது எப்படி?

வரைகோல் கேட்டது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 24 பேர். ஆறு ஓவிய வகுப்புகள், ஒவ்வொன்றும் 80 நிமிடம். பாடம் பிலிப்பைன்ஸ் கலை. கையில் இருக்கும் பாடக்குறிப்பில் ஒரு பக்கம் காலவரிசை இருக்கிறது: கற்காலம், ஸ்பானியர் காலம், அமெரிக்கர் காலம், தற்காலம். மறுபக்கம் கலைக்கூறுகள்: கோடு, தட்டை வடிவம், கன வடிவம், டோன் (ஒளி-நிழலின் அளவு), நிறம், மேற்பரப்பு, வெளி (படத்தில் தெரியும் இடமும் ஆழமும்). இரண்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் சொல்லப்படவில்லை. இப்படியே நடத்தினால் பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எந்தக் கூறுக்கு எந்தப் படைப்பை எடுக்கலாம்? கையால் செய்து பார்க்க என்ன பயிற்சி கொடுக்கலாம்? சூளை கிடையாது. வகுப்பில் அடுப்பு மூட்டவும் அனுமதி இல்லை. தண்ணீர்க் குழாய், வாளி, மேசை விளக்கு இருக்கின்றன.

---

உளிமுனை பதில்:

காலவரிசையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள். மரமா, நாரா, மண்ணா, எண்ணெய் வண்ணமா என்பதுதான் ஒரு மரபில் எந்தக் கூறு ஓங்கி நிற்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பிலிப்பைன்ஸில் இதைக் கண்முன்னே காட்டலாம்.

மிண்டனாவோ தீவில் லனாவோ ஏரியைச் சுற்றி வாழும் மரனாவோ மக்களின் அலங்கார மரபுக்குப் பெயர் ஓகிர். அதில் இரண்டு பிரிவு. ஆண்கள் மரத்தில் செதுக்குவது ஓகிர் அ டாத்து: வளைந்து சுருளும் கொடி, பெரணித் தளிர், நாகம். பெண்கள் நெசவிலும் பாயிலும் செய்வது ஓகிர் அ பாய்: சதுரம், சாய்சதுரம், முக்கோணம். உளி மரத்தில் வளைந்து ஓடும். தறியில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) செங்குத்தாக வெட்டிக்கொள்வதால் வளைவைப் படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். ஒரே மக்கள், பொருள் மாறியதும் கோடே வேறாகிவிடுகிறது. முதல் வகுப்புக்கு இந்த ஒரு ஒப்பீடு போதும்.

டோரோகன் என்னும் தலைவர் வீட்டின் படத்தைக் காட்டுங்கள். தரையைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் படகின் முன்பக்கம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைச் செதுக்கலுக்குப் பனோலோங் என்று பெயர். மரந்தாவோவில் உள்ள கவாயன் டோரோகன் 2008-இல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது.

பயிற்சிக்கு ஏ4 தாளில் 8 செ.மீ. அகலப் பட்டை ஒன்று. முதலில் பட்டையின் நீளத்துக்கும் ஒரே ஒரு தண்டு, பெரிய வளைவாக. பிறகு அதிலிருந்து பிரியும் சுருள்கள். ஒவ்வொரு சுருளும் தண்டைத் தொட்டபடி பிறக்க வேண்டும். கடைசியாக மீதி இடத்தை நிரப்பும் இலைகள். வரிசையை மாற்றி இலையிலிருந்து ஆரம்பித்தால் துண்டு துண்டாக நிற்கும், ஓட்டம் வராது. இன்னொரு பிழை எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் இழுப்பது. செதுக்கலில் கோடு நடுவில் அகன்று நுனியில் கூராகும். 2பி பென்சிலைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பிடித்தால் அது வந்துவிடும்.

வரைந்ததைச் சலவை சோப்புக் கட்டியில் 3 மி.மீ. ஆழம் வெட்டச் சொல்லுங்கள். 1 மி.மீ. வெட்டினால் நிழல் விழாது; 5 மி.மீ. தாண்டினால் மெல்லிய தண்டு உடைந்துவிடும். பக்கவாட்டில் விளக்கை வைத்ததும் கோடு நிழலாக மாறுவதைப் பார்ப்பார்கள். கட்டியை வெட்டும் முன் ஒரு நாள் பிரித்துக் காற்றில் வையுங்கள். ஈரமாக இருந்தால் கத்தியில் ஒட்டும், ரொம்பக் காய்ந்தால் சில்லுச் சில்லாகப் பெயரும்.

காலவரிசையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கற்காலத்திலிருந்து நேராக ஸ்பானியருக்குத் தாவினால் இடையில் வந்த எல்லாம் போய்விடும். லகுனா செப்பேடு சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900-ஐச் சேர்ந்தது. அதன் எழுத்து கவி என்னும் பழைய ஜாவா எழுத்து. அது தென்னிந்தியப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. 1917-இல் மிண்டனாவோவின் அகுசானில் கிடைத்த, பொன் தாரா எனப்படும் பெண் தெய்வச் சிலை இப்போது சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த இரண்டு படங்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

சாயத்தொட்டி பதில்:

உளிமுனை சொன்ன பாதையிலேயே நிறத்துக்கும் மேற்பரப்புக்கும் திநாலக் துணியை எடுக்கலாம். தெற்கு கோட்டபாட்டோவில் செபு ஏரிப் பகுதியின் திபோலி பெண்கள் நெய்வது. நூல் பருத்தி அல்ல, அபாக்கா என்னும் வாழை இனத்தின் தண்டு நார். பாவு நூலை நெய்வதற்கு முன்பே கட்டிச் சாயம் போடுவார்கள். போச்சம்பள்ளிச் சேலை பார்த்தவர்களுக்கு இந்த இக்கத் முறை தெரிந்திருக்கும். மூன்றே நிறம்: கறுப்பு, சிவப்பு, நாரின் சொந்த வெளிர் நிறம். கறுப்பு க்நாலும் மரத்தின் இலையிலிருந்து, சிவப்பு லோகோ வேரிலிருந்து. நெய்து முடித்த துணியைச் சோழியால் தேய்த்து மினுக்குவார்கள். கனவில் வந்த வடிவங்களை நெய்பவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். அந்த மரபின் லாங் துலாய் 1998-இல் தேசிய வாழும் கலைச்செல்வர் விருது பெற்றார்.

திநாலக் வடிவங்களின் ஓரம் பல் பல்லாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கட்டின் ஓரத்தில் சாயம் இம்மியளவு கசியும், தறியில் ஏற்றும்போது நூல்கள் மேலும் கீழும் நகரும். அந்த அசைவைப் பிள்ளைகள் குறை என்று நினைக்காமல் பார்க்கக் கற்க வேண்டும்.

வகுப்பில் செய்ய நான்கு பேருக்கு ஒரு குழு, ஆறு குழு. கனத்த நான்கு இழைப் பருத்தி நூல், குழுவுக்கு 60 செ.மீ. நீளத்தில் 120 இழை. எடை 20 முதல் 25 கிராம் வரும், மொத்தம் 150 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நீங்கள் வீட்டில் சலவை சோடாவும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். கச்சா நூலில் மெழுகுப் பசை இருக்கும், அது போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

120 இழையைப் பத்துப் பத்தாக 12 கொத்து ஆக்கி, இரண்டு மரக்குச்சிகளுக்கு நடுவே இறுக்கமாக நீட்டுங்கள். 1 செ.மீ. கட்டத் தாளில் 12 கட்ட அகலத்தில் வடிவம் வரைந்து கீழே வைக்கவும். ஒரு கட்டம் ஒரு கொத்துக்குச் சமம். வெளிர் நிறமும் சிவப்பும் வேண்டிய இடம் இரண்டையும் இப்போதே கட்டிவிட வேண்டும். திபோலிகள் மெழுகு தடவிய நூலால் கட்டுவார்கள். வகுப்புக்குப் பாலித்தீன் பையை 1 செ.மீ. நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்து ஆறேழு சுற்று. வெறும் பருத்தி நூலால் கட்டினால் அந்த நூலே சாயத்தை உள்ளே உறிஞ்சிக் கொடுத்துவிடும். சிவப்புக்கான கட்டுக்கு வேறு நிறப் பாலித்தீன் போடுங்கள், இல்லாவிட்டால் எதை அவிழ்ப்பது என்று யாருக்கும் தெரியாது.

ஆறு குழுவுக்கும் சேர்த்து, குளிர்நீர் ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதியாகப் பிணையும் சாயம்), கறுப்பு 12 கிராம், தண்ணீர் 3 லிட்டர், உப்பு 150 கிராம். கட்டிய நூலை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறகு சாயத்தில் 20 நிமிடம். அதன்பின் சலவை சோடா 60 கிராமைத் தனியே வெந்நீரில் கரைத்து ஆறவைத்து ஊற்றிக் கிளறி மறுநாள் வரை விடுங்கள். சோடாவைச் சாயத்தூளோடு முதலிலேயே கலந்துவிட்டால் சாயம் தண்ணீரிலேயே வீணாகும். தூளை எடைபோடும் வேலை உங்களுடையது, முகக்கவசம் கையுறையோடு.

கறுப்பு முடிந்ததும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள், கட்டை அவிழ்க்காமல். அவசரப்பட்டு அவிழ்த்தால் ஒட்டாத கறுப்பு வெளிர் இடத்தில் ஏறிவிடும், அதை எடுக்கவே முடியாது. பிறகு சிவப்புக் கட்டுகளை மட்டும் அவிழ்த்து 6 கிராம் சிவப்பில் அதே முறை. கறுப்பின் மேல் சிவப்பு ஏறினாலும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அதனால்தான் அடர்ந்த நிறம் முதலில். ஊடைக்குச் சன்னமான கறுப்புத் தையல் நூல் போதும். தடித்த நூல் போட்டால் பாவின் வடிவத்தை மறைத்துவிடும்.

---

சாளரம் பதில்:

டோன், வெளி இரண்டுக்கும் ஓவியங்களுக்கு வாருங்கள்.

டோனுக்கு பெர்னாண்டோ அமோர்சோலோ (1892–1972) பக்கத்தில் வேறு யாரும் வர முடியாது. 1922-இன் நாற்று நடும் ஓவியத்தை எடுங்கள். சூரியன் உருவங்களுக்குப் பின்னால். முகமும் மார்பும் நிழலில், தலைமுடி ஓரத்திலும் தோளிலும் மெல்லிய பொன்விளிம்பு. பார்ப்பவர் கண் அந்த விளிம்பிலேயே நிற்கும், ஆனால் ஓவியத்தைத் தாங்குவது நிழல். அந்த நிழல் கறுப்பு அல்ல. வயல் நீரிலும் மண்ணிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்துக்குள் போகிறது.

சாம்பல் நிற சார்ட் அட்டை, கரி, வெள்ளைச் சாக்பீஸ். ஒரு மாணவரை உட்காரவைத்து விளக்கை அவருக்குப் பின்னால், தலைக்கு அரை மீட்டர் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். முன்னால் மடியில் ஒரு வெள்ளைத் தாள். முதலில் வெளிரிலிருந்து இருளுக்குப் போகும் ஐந்து படி டோன் பட்டை வரையட்டும். உருவத்தின் நிழற்பகுதி முழுவதும் மூன்றாம் நான்காம் படிக்குள் அடங்க வேண்டும். ஐந்தாம் படி கழுத்தடி, முடியின் உள்மடிப்பு போன்ற ஓரிரு இடத்துக்கு மட்டும். வெள்ளை கடைசியில்தான். எல்லாரும் செய்யும் தவறு, உருவத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் வெள்ளைக் கோடு இழுப்பது. அப்போது ஆள் வெட்டி ஒட்டிய மாதிரி தெரிவார். தோள் மேல்பக்கம் அகலம், புயத்தில் குறைந்து, முழங்கைக்குக் கீழே மறைந்துபோக வேண்டும். மடியில் உள்ள தாளை எடுத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், முகம் சட்டென்று இருண்டுவிடும். பிரதிபலிப்பு ஒளி என்ன செய்கிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இதற்கு நேரெதிர் விக்டோரியோ எடாடெஸ். 1928-இல் மணிலாவில் அவர் காட்டிய ‘தி பில்டர்ஸ்’ ஓவியத்தில் மங்கிய மண்நிறங்கள், முறுக்கிய உடல்கள், கல் உடைக்கும் வேலையின் பாரம். அழகிய கிராமத்து ஒளிக்குப் பழகியவர்கள் அதிர்ந்துபோனார்கள். பிலிப்பைன்ஸ் நவீன ஓவியத்தின் தொடக்கம் அங்கேதான். ஒரே காட்சியை இரண்டு வண்ணக் கூட்டத்தில் தீட்டச் சொல்லுங்கள்: ஒன்றுக்கு மஞ்சள் காவி, வெள்ளை, அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு); கறுப்பு கூடாது. மற்றதுக்கு அம்பர் (மண் பழுப்பு), கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் காவி.

வெளிக்கு ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியம்’. 1884 மாட்ரிட் கண்காட்சியில் தங்கப்பதக்கம். சுமார் 4.2 மீட்டருக்கு 7.7 மீட்டர்; வகுப்பறைச் சுவரில் அந்த அளவைச் சாக்பீஸால் குறியிட்டுக் காட்டுங்கள், கைபேசியில் பார்த்தால் அதன் பலம் தெரியாது. இறந்த ரோமானிய கிளாடியேட்டர் வீரர்களை இழுத்துப் போகும் காட்சி. பிலிப்பைன்ஸ் நிகழ்ச்சி எதையும் அது காட்டவில்லை. காலனி ஆட்சியின் உருவகமாக பிலிப்பைன்ஸ் தேசிய வீரரும் எழுத்தாளருமான ஹோசே ரிசால் முதலியோர் அதை வாசித்தார்கள். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அச்சுப்படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து, கயிறும் உடல்களும் போகும் திசைக்கு மட்டும் கோடு போடச் சொன்னால், சாய்கோடு எப்படி ஆழத்தை உண்டாக்குகிறது என்று புரியும்.

---

வரைகோல்:

மூவருக்கும் மிக்க நன்றி. சாயப் பயிற்சிக்கு இரண்டு வகுப்புகளை ஒதுக்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். கன வடிவத்துக்கு மனுங்குல் தாழி நினைத்திருந்தேன், சூளை இல்லாமல் முடியுமா? தட்டை வடிவத்துக்கு என்ன?

---

உளிமுனை:

முடியும். மனுங்குல் தாழி 1964-இல் பலவான் தீவின் லிப்புவூன் முனையில் கிடைத்தது, கி.மு. 890–710. இறந்தவர் எலும்புகளை இரண்டாம் முறை அடக்கம் செய்யும் தாழி. மூடியின் மேல் படகும் இரண்டு உருவங்களும். முன்னால் இருப்பவர் கைகளை மார்பில் சேர்த்திருக்கிறார், பின்னால் இருப்பவர் துடுப்புப் போடும் நிலையில். மேற்பாதியில் மட்டும் செங்காவியால் சுருள் கோடுகள். வகுப்பில் மூடியை மட்டும் செய்யுங்கள், காற்றில் உலரும் களிமண்ணில், 12 செ.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன். உருவத்தை ஒட்டும் இரண்டு பரப்பிலும் முள்கரண்டியால் கீறி, களிமண் கூழ் தடவி அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் உலர்ந்ததும் கழன்று விழும். கழுத்தை மெல்லியதாகச் செய்தாலும் அதே கதி. பாலித்தீனால் மூடி மூன்று நாள், திறந்து நான்கு நாள். வெயிலில் வைத்தால் மெல்லிய பகுதி முன்னதாகச் சுருங்கி விரிசல் விடும். வண்ணத்துக்குக் காவித்தூளைப் பசையில் குழைத்துக்கொள்ளலாம்.

---

சாளரம்:

தட்டை வடிவத்துக்கு லெட்ராஸ் இ ஃபிகூராஸ் (எழுத்துகளும் உருவங்களும்) என்னும் ஓவிய வகை. 19-ஆம் நூற்றாண்டில் ஹோசே ஓனோராட்டோ லொசானோ நீர்வண்ணத்தில் செய்தவை பெயர்பெற்றவை. படம் வாங்குபவரின் பெயரை எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் மனிதர், விலங்கு, செடி, பண்டங்களால் அமைப்பார்கள்; பின்னணியில் மணிலாக் காட்சிகள். மாணவர்கள் தங்கள் பெயரைத் தமிழிலேயே செய்யட்டும். முதலில் எழுத்தை 10 செ.மீ. உயரத்தில் கறுப்பு நிழலுருவாக நிரப்பி, அதற்குள் அடங்கும் உடல்நிலைகளைத் தேட வேண்டும். உருவத்தை முதலில் வரைந்து எழுத்தாக வளைத்தால் எழுத்து வாசிக்க வராது. ட, ப, ம எளிது, நிற்பவரும் படுத்திருப்பவரும் போதும். ழ, ண, ஐ வரும் பெயர்க்காரர்களுக்குக் கொடியும் பாம்பும் கயிறும் பயன்படுத்த அனுமதி கொடுங்கள், அல்லது முதலெழுத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள். 80 நிமிடத்தில் நான்கு எழுத்துக்கு மேல் யாருக்கும் முடியாது.