ஆக்குபேஷனல் தெரபி உதவியாளரின் சம்பளம் எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? அமெரிக்காவில் பணிபுரியும் நம்மவர்களின் அனுபவங்கள்

டல்லாஸ், டெக்சாஸ்

சென்ற வாரம் சென்னையிலிருந்து அட்லாண்டாவுக்குக் குடிவந்திருக்கும் என் சித்தி மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் வேலைக்கு இரண்டு வருடம் படித்தால் ஆண்டுக்கு எழுபதாயிரம் டாலர் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?" அவளுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். இதே துறையில் இருப்பவர்கள் தங்களுடையதையும் எழுதினால், படிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களுக்கு உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தாமே செய்யக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி; தெரபிஸ்டின் மேற்பார்வையில் அதைச் செய்பவர் உதவியாளர். அவள் கேள்விப்பட்ட தொகை பொய்யல்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் இந்த உதவியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 68,000 டாலரைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதே பிரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது, பொருள்களைச் சுத்தம் செய்து எடுத்து வைப்பது போன்ற வேலைகளைச் செய்யும் 'எய்டு' எனப்படும் ஊழியருக்கு 37,000 டாலர் அளவில்தான் கிடைக்கிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: அங்கீகாரம் பெற்ற படிப்பு, சம்பளமில்லாத 16 வாரக் களப்பயிற்சி, தேசியத் தேர்வு, மாநில உரிமம். ஆனால் ஒரே ஊரில், ஒரே உரிமத்தோடு வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிட மணிக்குப் பத்து டாலர் கூடுதலாக வாங்குகிறார் என்றால், அதற்குப் படிப்போ திறமையோ காரணமாக இருப்பதில்லை. நாம் செய்யும் சிகிச்சைக்கான பணம் யாரிடமிருந்து, எந்தக் கணக்கில் வருகிறது என்பதுதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

நான் மதுரையில் பி.காம். முடித்தவள். கிரீன் கார்டு வந்த பிறகு இங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் படித்து, ஒரு நர்சிங் ஹோமில் முதல் வேலைக்குச் சேர்ந்தேன். நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. இங்கே அது மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட முதியவர்கள் வாரக்கணக்கில் தங்கி உடல் தேறும் இடம். இனி வீடு திரும்ப இயலாதவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கும் இடமும் அதுவே. எனக்குச் சம்பளம் கொடுத்தது நர்சிங் ஹோம் அல்ல, அதற்குத் தெரபி ஊழியர்களை அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனம். மணிக்கு 27 டாலர் பேசினார்கள். 90 சதவீத 'புரொடக்டிவிட்டி' வேண்டும் என்பதையும் சொன்னார்கள். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

எட்டு மணி நேரத்தில் 480 நிமிடங்கள் உள்ளன. அவற்றில் 432 நிமிடங்கள் நோயாளியின் பெயரில் பதிவாக வேண்டும். மீதமுள்ள 48 நிமிடங்களில்தான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடப்பது, மேற்பார்வைத் தெரபிஸ்டிடம் பேசுவது, குறிப்பு எழுதுவது எல்லாம் முடிய வேண்டும். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த ஒரு பெரியவருக்கு, இடக்கையால் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மரப்பிடியில் கம்பி வளையம் பொருத்திய ஒரு சிறு கருவியைப் பொத்தான் துளைக்குள் நுழைத்து, பொத்தானை வளைத்துப் பிடித்து இழுக்க வேண்டும். நான்காவது பொத்தானில் அவருக்குத் தோள் வலி வந்துவிடும். செவிலியர் வலி மாத்திரை கொண்டுவரும் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பத்து நிமிடம் எந்தக் கணக்கிலும் வராது. அவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தினமும் பணி நேரம் முடிந்ததாகப் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறிப்புகளை எழுதினேன். எட்டு மணி நேரத்துக்கு வாங்கிய 216 டாலரை ஒன்பது மணி நேரத்துக்குப் பிரித்துப் பார்த்தால், நான் உண்மையில் வாங்கியது மணிக்கு 24 டாலர்தான். சட்டப்படி அந்த ஒரு மணி நேரத்துக்கும் எனக்குக் கூலி சேர வேண்டும். அன்று நான் கேட்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

எடிசன், நியூஜெர்சி

டல்லாஸ் சகோதரி சொன்ன 'யாரிடமிருந்து பணம் வருகிறது' என்பதை நான் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

2019 செப்டம்பர் 30 வரை, மெடிகேர் (பெரும்பாலும் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நர்சிங் ஹோம்களுக்குக் கொடுத்த தொகை பெரிதும் தெரபி நிமிடங்களைப் பொறுத்தே இருந்தது. ஒரு நோயாளிக்கு வாரத்தில் 720 நிமிடங்கள் தெரபி கொடுத்தால், இருப்பதிலேயே உயர்ந்த கட்டண வகுப்பில் அவரைச் சேர்க்கலாம். அந்த நிமிடங்களை நிரப்பக் கைகள் தேவைப்பட்டன. தெரபிஸ்டைவிடக் குறைந்த சம்பளத்தில் அதே நிமிடங்களைக் கொடுக்கக்கூடியவர்கள் நாம் என்பதால், உதவியாளர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். அக்டோபர் 1 முதல் பி.டி.பி.எம். என்ற புதிய முறை வந்தது. நோயாளிக்கு என்ன நோய், அவரால் எவ்வளவு இயங்க முடிகிறது என்பவற்றை வைத்துத் தொகையை நிர்ணயித்தார்கள். அதுவரை நர்சிங் ஹோமுக்கு வருமானமாக இருந்த தெரபி நிமிடங்கள் ஒரே இரவில் செலவாக மாறின.

என் மணிக்கூலியில் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதைத்தான் 28 ஆக்கினார்கள். இங்கே வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் கீழே போனால், மருத்துவக் காப்பீடு தர வேண்டிய சட்டக் கட்டாயம் பெரிய நிறுவனங்களுக்கும் இல்லை. என் காப்பீடு அந்த ஆண்டோடு முடிந்தது. அப்போது என் மகனுக்கு ஆஸ்துமா. மணிக்கூலியை மட்டும் பார்த்து வேலையில் சேர்ந்த எனக்கு, அது எத்தனை மணி நேரத்துக்கு உறுதி என்று கேட்கத் தோன்றாமல் போயிற்று.

பிறகு ஒரு வெளிநோயாளர் கிளினிக்கில் சேர்ந்தேன். 2022 ஜனவரியில் அடுத்த அடி விழுந்தது. 2018-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, மெடிகேரில் வெளிநோயாளர் சிகிச்சைக்குப் பணம் தரும் 'பார்ட் பி' பிரிவின் கீழ் உதவியாளர் கொடுக்கும் சிகிச்சைக்கு, தெரபிஸ்ட் கொடுத்தால் தரும் தொகையில் 85 சதவீதம் மட்டுமே மெடிகேர் தரும் என்றானது. 100 டாலர் சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பங்கு 20 போக, மெடிகேர் தருவது 80. நாம் செய்திருந்தால் அந்த 80 டாலர் 68 ஆகிவிடும். அந்த ஆண்டு சம்பள உயர்வு கேட்டுப் போனபோது, மேலாளர் என்னைக் குறை சொல்லவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். நோயாளிகள் என் பெயரைச் சொல்லித்தான் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் பெயரில் பில் போட்டால் கிளினிக்குக்கு 12 டாலர் குறைவு. இது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன். தோளை அசைக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை அலமாரியின் மேல்தட்டு வரை கை நீட்ட வைப்பது, யார் செய்தாலும் ஒரே வேலைதான்.

இப்போது மருத்துவமனையில் உள்நோயாளர் பிரிவில் இருக்கிறேன். அங்கே சிகிச்சைக்கெல்லாம் சேர்த்து மொத்தமாகத் தொகை வருவதால், இந்த 15 சதவீதக் குறைப்பு என்னைத் தொடுவதில்லை. மணிக்கூலி கிளினிக்கைவிட இரண்டு டாலர்தான் கூடுதல். ஆனால் 40 மணி நேரமும் உறுதி, காப்பீடும் உண்டு.

லாஸ் ஏஞ்சல்ஸ், கலிபோர்னியா

வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் ஹோம் ஹெல்த்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். விளம்பரங்களில் கண்ணைப் பறிக்கும் தொகை அங்கேதான் இருக்கும், ஏனென்றால் மணிக்கணக்கில் அல்லாமல் 'விசிட்' ஒன்றுக்கு இவ்வளவு என்று தருவார்கள். ஒரு விசிட்டுக்கு 65 டாலர் என்றதும், ஒரு நாளைக்கு ஆறு விசிட், 390 டாலர் என்று மனக்கணக்குப் போட்டுச் சேர்ந்தேன். 405 நெடுஞ்சாலையில் நான் காத்துக் கிடந்த நேரம் அந்தக் கணக்கில் இல்லை. போய்க் கதவைத் தட்டியபோது நோயாளி டயாலிசிஸுக்குப் போயிருந்த நாள்களும் இல்லை. அப்படிப்பட்ட விசிட்டுக்கு எங்கள் நிறுவனம் ஒன்றும் தராது. பெட்ரோலுக்கு மைல் கணக்கில் தந்தார்கள், ஆனால் முதல் வீட்டுக்குப் போகும் தூரத்தையும் கடைசி வீட்டிலிருந்து திரும்பும் தூரத்தையும் கழித்துவிட்டுத்தான்.

ஆறு மாதம் கழித்து என் அஞ்சல் குறியீட்டைச் சுற்றிப் பத்து மைலுக்குள் மட்டும் நோயாளிகளைக் கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள். கூலி ஒரு டாலர்கூட உயரவில்லை, ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. சம்பள உயர்வு என்று நான் கருதுவது அதைத்தான். இங்கே வீட்டு வாடகை என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: கலிபோர்னியாவில் சம்பளம் அதிகம் என்று வருகிறவர்கள், மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸில் டல்லாஸ் சகோதரியின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

கொலம்பஸ், ஒஹாயோ

பள்ளி மாவட்டத்தில் வேலை செய்கிறேன். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட என் ஆண்டுச் சம்பளம் குறைவு. மாவட்டமே நேரடியாக எடுத்ததால் ஓய்வூதியம் உண்டு, கோடை விடுமுறையில் என் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க முடிகிறது. இதே பள்ளிக்கு ஒப்பந்த நிறுவனம் மூலம் வரும் என் தோழிக்கு மணிக்கூலி என்னைவிட அதிகம். பனி பெய்து பள்ளி மூடிய நாளில் அவருக்கு ஒன்றும் இல்லை.

டல்லாஸ், டெக்சாஸ்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. நியூஜெர்சி சகோதரி எழுதியதைப் படித்ததும், 2019-இல் என்னுடன் வேலை செய்த மூன்று பேர் ஒரே வாரத்தில் வெளியேற்றப்பட்டது நினைவுக்கு வந்தது. நான் தப்பியதற்கு ஒரே காரணம், அதற்குள் 'பி.ஆர்.என்.' முறைக்கு மாறியிருந்ததுதான். தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். விடுப்பும் காப்பீடும் கிடையாது. அதற்கு ஈடாக மணிக்கூலி கூடுதல், எனக்கு 38 டாலர். கணவரின் வேலை மூலம் காப்பீடு இருப்பவர்களுக்கு இது பொருந்தும், தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களுக்குப் பொருந்தாது. மூன்று நர்சிங் ஹோம்களில் பெயர் கொடுத்து வைத்திருந்ததால், ஒன்றில் வேலை குறைந்தால் மற்றொன்றில் கிடைத்தது.

கூடுதல் சான்றிதழ்களைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். பார்க்கின்சன் நோயாளிகளுக்கான பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை என் செலவில் வாங்கினேன். வேலை செய்யும் விதம் மாறியது, மனநிறைவு கிடைத்தது, ஊதியம் மாறவில்லை. என் ஊதியத்தை உண்மையில் உயர்த்தியது, தெரபிப் பிரிவின் பொறுப்பாளர் பதவி. நர்சிங் ஹோம்களில் அந்தப் பதவிக்கு உதவியாளர்களையும் எடுப்பார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் சித்தி மகளிடம் சொல்லிவிட்டு, என் பழைய சம்பளச் சீட்டையும் போன மாதச் சீட்டையும் படமெடுத்து அனுப்பினேன். மணிக்கூலியை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் மணிகளின் எண்ணிக்கையை இரண்டிலும் வட்டமிட்டிருந்தேன். நேற்று இரவு திரும்ப அழைத்து, "அக்கா, நோயாளிகள் குறைவாக இருக்கிற நாளில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அன்றைய மீதி நேரத்துக்கு உன் விடுப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்றேன். அதை நேர்காணலிலேயே கேட்டுவிடலாமா என்றாள். கேள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.