மாடிஃபை செய்த கேமரா + சிஎல்எஸ் ஃபில்டர்: நட்சத்திரங்களைச் சுற்றிச் சிவப்புப் புகை, யாராவது உதவுங்கள்

அஸ்தம்பட்டி மாடி:
வணக்கம். கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 600டி. சென்சாருக்கு முன்னால் இருந்த ஃபில்டரை எடுத்துவிட்டது. 200 எம்எம் லென்ஸ், ஊர் விளக்கு வெளிச்சத்தை வெட்ட பாடிக்குள் மாட்டும் கிளிப் சிஎல்எஸ் ஃபில்டர், வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நண்பர் வீட்டு மாடியிலிருந்து ரோசெட் நெபுலா (சிவப்பாக ஒளிரும் வாயு மேகம்) எடுக்கிறேன். நெபுலா அருமையாக விழுகிறது. ஆனால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் நடுவில் கூர்மை, சுற்றிலும் சிவப்புப் புகை. லென்ஸ் முன்னால் ஃபோகஸ் மாஸ்க் வைத்துத்தான் ஃபோகஸ் பண்ணுகிறேன். படத்தின் ஒரு ஓரம் வேறு வெளுத்துக் கிடக்கிறது. ஃபில்டர் டூப்ளிகேட்டோ?

குரங்குச்சாவடி:
ஃபில்டரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று பாருங்க. சென்சார் வெறுமனே இருந்தால் அகச்சிவப்பு முழுசாக உள்ளே வரும். மற்ற நிறங்கள் குவியும் இடத்தில் லென்ஸ் அதைக் குவிக்காது, அதுதான் புகை. லைட்டை அணைத்துவிட்டு டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, பட்டனை அழுத்தியபடி ஒரு படம். அப்புறம் கிளிப்பைக் கழற்றிவிட்டு அதே செட்டிங்கில் இன்னொன்று.

அஸ்தம்பட்டி மாடி:
ரிமோட் நுனி டார்ச் மாதிரி எரிகிறது அண்ணா. கிளிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

குரங்குச்சாவடி:
அப்போ அதேதான். ஃபில்டர் டூப்ளிகேட் இல்லை, வகைதான் வேறு. சிஎல்எஸ்ஸில் பெயருக்குப் பின்னால் சிசிடி என்று போட்டிருப்பது அகச்சிவப்பையும் அடைக்கும். வெறும் சிஎல்எஸ் அடைக்காது. மாடிஃபை செய்யாத கேமராவில் அந்த வேலையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். இருப்பதை விற்க வேண்டாம், லென்ஸ் முன்னால் யூவி-ஐஆர் கட் (புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் தடுக்கும் ஃபில்டர்) ஒன்று திருகினால் போதும். நெபுலாவின் சிவப்பு 656 நானோமீட்டர், வெட்டு விழுவது 700 வாக்கில், அதனால் நெபுலாவுக்குச் சேதமில்லை. கடையில் சாதா யூவி ஃபில்டரை எடுத்து நீட்டுவார்கள், அது இதற்கு உதவாது.

காப்பித்தோட்டம்:
வெளுத்த ஓரத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி. லேடீஸ் சீட்டுக்குக் கீழே சேலமே எரிகிறது. சோடியம் விளக்கு என்றால் மஞ்சள் 589-ஐ ஒட்டியே நிற்கும், ஃபில்டர் நறுக்கென்று வெட்டிவிடும். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுவதால் நெபுலாவின் நிறத்தோடும் கலந்து உள்ளே வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது முழுசாகப் போகாது. ரோசெட் நமக்கு உச்சியிலிருந்து 7 டிகிரி தள்ளித்தான் கடக்கிறது. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி வாக்கில். அதற்கு முன்னும் பின்னுமாக எடுத்துப் பாருங்க, ஓரம் பாதி அடங்கும். மலையின் வடக்குப் பக்கம் மாடி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் டிராக்கரை நேர்ப்படுத்தப் பார்க்க வேண்டிய துருவ நட்சத்திரம் இங்கே 12 டிகிரி உயரம்தான். எதிரே ஒரு சில்வர் ஓக் நின்றால் போச்சு.

அஸ்தம்பட்டி மாடி:
72 எம்எம் ஐஆர் கட் ஆர்டர் போட்டாச்சு. ஏற்கெனவே எடுத்த படங்களை என்ன செய்வது?

குரங்குச்சாவடி:
அழித்துவிடாதீங்க. சிரில் சாஃப்ட்வேரில் பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷன் ஓட்டினால் ஓரம் சரியாகும். புகைக்கு, ஸ்டார்நெட் சாஃப்ட்வேரில் நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, சிவப்பைக் குறைத்துத் திரும்பச் சேருங்க. ஒரு அளவுக்குத் தேறும்.