போருக்கே போகாதவர் போரை "நான்" என்று எழுதலாமா?

மழைக்கால வாசகன்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. என் பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர், ஒரு போரை நேரில் பார்த்தவர். சின்ன வயதில் அவர் சொல்லக் கேட்டதை வைத்து ஒரு கதை எழுதினேன், அவரே பேசுவது மாதிரி, முழுக்க "நான்" என்று தன்மையில். ஒரே ஒரு இரவைப் பற்றி மட்டும் அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அதை நானாகக் கற்பனை செய்து நிரப்பினேன். படித்த நண்பர் ஒருவர், எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நீ எந்த உரிமையில் "நான் சுட்டேன்" என்று எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் முதல் உலகப் போர் பற்றிய இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்', எர்ன்ஸ்ட் யூங்கரின் 'ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல்'. இருவரும் ஜெர்மானியர்கள். ஒரே ராணுவம், ஒரே மேற்கு முனை, அதே பதுங்குகுழிச் சேறு. ரெமார்க்கை மூடி வைத்ததும் இனி யாருமே போருக்குப் போகக்கூடாது என்று தோன்றியது. யூங்கரைப் படிக்கும்போதோ, தாக்குதல் தொடங்கும் பக்கங்களில் அவருக்கு ஏறும் வெறி எனக்கும் ஏறியது, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. இரண்டு பேருமே போய் வந்தவர்கள். அப்படியென்றால் எழுத்தாளரின் பின்னணி எதைத்தான் தீர்மானிக்கிறது? உரிமை என்று ஒன்று உண்டா?

பழைய பக்கங்கள்:

நல்ல ஜோடியைப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு பேரும் "போய் வந்தவர்கள்" என்று ஒரே கூடையில் போட முடியாது.

யூங்கர் 1914இல் போர் தொடங்கியதுமே தானாக முன்வந்து சேர்ந்தவர். கடைசி ஆண்டு வரை களத்தில் இருந்து, அதிகாரியாகி, 14 முறை காயம்பட்டு, மிக உயர்ந்த பதக்கத்தையும் வாங்கியவர். அவர் புத்தகம் களத்திலேயே எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து வந்தது, 1920லேயே வெளியாகிவிட்டது. ரெமார்க் 18 வயதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர். 1917 ஜூனில் போர்முனைக்குப் போனார், ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டார். களத்தில் இருந்தது ஒரு மாதமும் சில நாட்களும்தான். மருத்துவமனையில் மற்ற வீரர்கள் சொன்னதைக் கேட்டதும், போர் முடிந்து பத்து வருடம் அதைச் சுமந்ததும் சேர்ந்துதான் அந்த நாவல். 1928இல் பத்திரிகையில் தொடராக வந்தது, 1929இல் புத்தகம். உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லுங்கள்: முதல் உலகப் போர் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் நாவலில் பாதி, காதால் கேட்ட போர்.

யூங்கர் விஷயத்தில் இன்னொன்று. 1924 பதிப்பில் தேசியவாத ஆவேசத்தைக் கூட்டினார், 1934 பதிப்பில் அதைக் குறைத்தார். அதே ஆள், அதே காயங்கள், அதே நாட்குறிப்பு. மாறியது அவர் எந்தக் காலத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார் என்பது மட்டும்தான்.

இப்போது சொல்லும் முறைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. ரெமார்க்கின் நாவல் "நான்" என்று தொடங்கவில்லை, பன்மையில் தொடங்குகிறது. போர்முனைக்கு ஒன்பது கிலோமீட்டர் பின்னால் ஓய்வில் இருக்கிறார்கள். சமையற்காரர் 150 பேருக்குச் சமைத்து வைத்திருக்கிறார், திரும்பி வந்தவர்கள் 80 பேர். அத்தனையையும் எங்களுக்கே கொடு என்று சண்டை போட்டு வாங்கி வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். செத்தவர்களின் பங்கை. அதைத் துக்கமாகச் சொல்லவில்லை, நல்ல நாள் என்றே சொல்கிறார்கள்! ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இதற்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதுபவர் "நாம்" என்பதா "நாங்கள்" என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். "நாம்" என்றால் கேட்பவரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார். "நாங்கள்" என்றால் வாசகர் வெளியே. என்னைக் கேட்டால் அங்கே "நாங்கள்"தான் சரி, ஏனென்றால் விடுப்பில் வீட்டுக்குப் போகும்போதுகூட, கதை சொல்லும் சிப்பாயான பால் யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் தவிக்கிறான், வெளியில் இருப்பவருக்கு அது புரியவே போவதில்லை என்பதுதான் அவன் வேதனை. கடைசியில் அவன் சாவை அவனே சொல்ல முடியாது, அதனால் கடைசிச் சில வரிகள் மட்டும் படர்க்கைக்கு மாறுகின்றன. அந்த மாற்றத்தில்தான் அவன் செத்தது நமக்கு உறைக்கிறது.

இரவு ரயில்:

பின்னணியைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஸ்டீஃபன் கிரேன் பிறந்தது 1871இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865லேயே முடிந்துவிட்டது. 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' 1895இல் புத்தகமாக வரும்வரை அவர் எந்தப் போரையும் பார்த்ததில்லை, ஆனால் படித்த பலர் அவரைப் பழைய போர்வீரர் என்றே நினைத்தார்கள். எப்படி நம்ப வைத்தார்? பெரிய படம் எதையும் காட்டவில்லை. எந்தச் சண்டை, எந்தத் தளபதி, யார் ஜெயித்தார்கள், எதுவும் தெளிவாக இல்லை. முதல் முறை சண்டைக்குப் போகும் ஒரு பையன், ஓடிவிடுவோமோ என்ற பயம், நிஜமாகவே ஓடிவிடுவது, புகை. அவ்வளவுதான். தனக்குத் தெரியாததைப் பையனுக்கும் தெரியாததாக வைத்துக்கொண்டார்.

ஹெமிங்வே போனவர்தான், ஆனால் அவர் கதையும் நேர்கோடு இல்லை. 1918 கோடையில் செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் ஓட்ட இத்தாலிக்குப் போனார், ஜூலையில் காயம்பட்டார். 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலில் எல்லோரும் வியக்கும் பகுதி கபரெட்டோவிலிருந்து படை மழையில் பின்வாங்குவது. அது நடந்தது 1917 அக்டோபரில், அவர் அந்த நாட்டில் காலே வைக்காதபோது. காயம்பட்ட அனுபவம் சொந்தம், பின்வாங்கல் படித்தும் கேட்டும் கட்டியது. படிக்கும்போது எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நைஜீரிய எழுத்தாளர் அடிச்சி. அந்நாட்டு உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் 1970இல் முடிகிறது, அவர் பிறந்தது 1977. அந்தப் போரில் இரண்டு தாத்தாக்களையும் இழந்த குடும்பம். 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' நாவலில் அந்தப் போரைப் பற்றிப் புத்தகம் எழுத ஆசைப்படும் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். கதைக்குள் வரும் அந்தப் புத்தகத்தை முடிவில் எழுதுவது அவர் இல்லை, வேலைக்காரப் பையனாக வந்த உக்வு. (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது.) அந்த உக்வுவும் சுத்தமானவன் இல்லை, படையில் இழுத்துச் செல்லப்பட்டபோது மகா கொடூரமான ஒரு காரியத்தில் அவனும் சேர்ந்திருக்கிறான். அவன் கையில் பேனாவைக் கொடுக்க அடிச்சிக்குத் துணிச்சல் இருந்தது. மழைக்கால வாசகன், உங்கள் கதையில் "நான்" இருப்பது எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. அந்த "நான்" நல்லவனாக மட்டும் இருக்கிறானா என்று பாருங்கள்.

நீலத்தாள்:

இவ்வளவு நேரமும் சிப்பாய்களைப் பற்றியே பேசுகிறோம், கவனித்தீர்களா?

ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 1948இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களைத் தேடித் தேடிப் பேசவைத்து 1985இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதில் தணிக்கையில் போன பகுதிகள் பிறகுதான் திரும்பச் சேர்ந்தன. அந்தப் பெண்கள் ஜெயித்த சண்டைகளை அடுக்குவதில்லை. காலுக்குப் பொருந்தாத ஆண்கள் பூட்ஸ், வெட்டப்பட்ட சடை, வேறு இல்லாமல் போட்டுக்கொண்ட ஆண்கள் உள்ளாடை, இதைத்தான் சொல்கிறார்கள். என்னால் மறக்க முடியாத ஒரு இடம்: கணவனும் மனைவியும், இருவரும் போரில் இருந்தவர்கள். பேட்டிக்கு முந்தைய இரவு முழுக்கக் கணவர் அந்த அம்மாவை உட்காரவைத்துப் போர் வரலாற்றுப் புத்தகத்தைப் படிக்கவைத்திருக்கிறார், தப்பாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று. போரில் நின்றவருக்கே தன் போரைத் தன் வாயால் சொல்ல அனுமதி இல்லை.

அதற்காகப் பெண் சொன்னால் வேறு மாதிரிதான் இருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். புறநானூறு 278 எழுதியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெண். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்ட கிழவி வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்கிறாள். அந்தத் தாய்க்கு ஒரு நொடி அழக்கூட இடம் இல்லை, வேந்தனுக்குத் தேவையான தாய் அவள். அதே தொகுப்பில் 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது, ஐந்தே வரி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. வாள் இல்லை, ரத்தம் இல்லை. எத்தனையோ முறை படித்துவிட்டேன், இன்னமும் தொண்டை அடைக்கிறது. தோற்றவர் வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல் அது.

பழைய பக்கங்கள்:

அதற்கு நேர் எதிர்ப் பக்கம் வேண்டுமென்றால் கலிங்கத்துப்பரணி. செயங்கொண்டார் குலோத்துங்க சோழனின் அவைக்களப் புலவர், ஜெயித்த பக்கம். களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியின் சந்தம் அவ்வளவு அழகு, வாய்விட்டுப் படித்தால் நிறுத்த மனம் வராது. உலையில் வேகிறவர்கள் யார் என்பது சந்தம் ஓய்ந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் யூங்கரிடம் பயந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரவு ரயில்:

நீலத்தாள் சொன்ன "அனுமதி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஓர் அகதி விண்ணப்பத்தில் தொடங்குகிறது. இளவயதில் இலங்கையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்சுக்குப் போனவர் எழுதிய நாவல். போரைச் சொல்லும் முதல் குரலே, நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரியை "ஐயா" என்று கும்பிட்டு நிற்கும் குரல். அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் பின்னணி பதில் சொல்லும். மழைக்கால வாசகன், உங்கள் பெரியப்பா யாரைப் பார்த்துச் சொன்னார்? ஒரு சிறுவனைப் பார்த்து. அது உங்கள் கதையில் இருக்கிறதா?

மழைக்கால வாசகன்:

இல்லை. அது இல்லவே இல்லை. இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன்.

அவர் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார். லாரியிலிருந்து இறங்கினோம், இருட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, "போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்பார். நான் கொண்டுவந்ததும் அடுத்த நாள் காலையிலிருந்து தொடருவார். நடுவில் இருந்த இரவைத்தான் நான் மூன்று பக்கத்துக்கு எழுதிவைத்திருந்தேன், துப்பாக்கிச் சூடு, அலறல், எல்லாம் போட்டு. அந்த மூன்று பக்கத்தையும் இன்றைக்கு எடுத்துவிட்டேன். "நான்" அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அது தண்ணீர் எடுக்க அடுக்களைக்கு ஓடுகிற பையன். சொம்பு நிரம்புகிற வரைக்கும் முற்றத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.